பத்துக்கு ஐம்பது

என் வேலையே அண்ணாந்து பார்ப்பதுதான். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருக்கிறேன். வானத்தில் போய் விரிகிற ரகங்களை லோடு ஏற்றுவதற்கு முன்னால், ஒவ்வொரு ஆர்டரிலிருந்தும் ஒன்றிரண்டை எடுத்து, பொழுது சாய்ந்ததும் கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில் விட்டுப் பார்ப்போம். நேராக ஏறுகிறதா, எந்த உயரத்தில் விரிகிறது, விரிந்தது வட்டமாக நிற்கிறதா, பொறி தரைவரைக்கும் வந்து விழுகிறதா என்று நான் பார்க்க வேண்டும். நான் தலையாட்டினால் லோடு போகும். ஆட்டாவிட்டால் மருந்து கலக்கிய அறைவரைக்கும் திரும்பிப் போய் விசாரிக்க வேண்டியிருக்கும்.

இத்தனை வருஷமாகப் பார்த்ததெல்லாம் எங்கள் சரக்கைத்தான். அதற்குப் பின்னால் இருக்கிற வானத்தைப் பார்த்ததில்லை. புகை கலையும்வரை நான் நிற்பதுமில்லை. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வண்டியை எடுத்து ஆமத்தூரில் இருக்கிற வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவேன்.

தீபாவளி முடிந்தால் கம்பெனிக்குச் சில வாரம் லீவு. அந்த லீவில்தான் இது ஆரம்பித்தது. பகலெல்லாம் மழை பெய்து வெறித்திருந்த ஒரு சாயங்காலம். காய்கிறதோ இல்லையோ என்று கொடியில் போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனேன். இருட்டிக்கொண்டு வந்தது. பழக்கத்தில் அண்ணாந்தேன். கழுவிவிட்ட மாதிரி வானம். கிழக்கே ஒரு கைப்பிடி அளவில் சின்னச் சின்னதாக ஒரு கொத்து மின்னிக்கொண்டிருந்தது. அடுத்து அது விரியும் என்று என் கண் காத்துக்கொண்டிருந்ததை நானே உணர்ந்தேன். அது விரியவில்லை, கீழே விழவுமில்லை. ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றிருக்கிறேன். சட்டை நனைந்த பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கொத்து கார்த்திகை நட்சத்திரம் என்று அப்புறம் போனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் தொழிலிலும் நட்சத்திரம் உண்டு. வானத்தில் போய் வெடிக்கிற ஷெல்லுக்குள் அடைக்கிற மருந்து உருண்டைகளை ஸ்டார் என்போம். ஒரு மூச்சை அடக்கி விடுவதற்குள் அது எரிந்து முடிந்துவிடும்.

வீட்டில் நான் தனி ஆள். என் மனைவி நர்ஸ். விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், பரீட்சை எழுதி அயர்லாந்துக்குப் போனாள். மறுவருஷம் மகளையும் கூட்டிக்கொண்டாள். எங்கள் சர்ச் சபையில் பாதி வீடுகளில் இப்படி ஒருவர் வெளியே இருப்பார், ஒருவர் இங்கே இருப்பார். அடுத்து நான் போவதாக இருந்தது. போகவும் செய்தேன். ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே இருந்தேன். அவள் டூட்டிக்கும் மகள் பள்ளிக்கும் கிளம்பிப் போன பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து, சுவரில் இருக்கிற ஹீட்டர் சுடுவதையும் ஆறுவதையும் கேட்டுக்கொண்டிருப்பேன். பட்டாசு தெரிந்தவனுக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது? சீசன் தொடங்கவும் முதலாளி கூப்பிட்டார். திரும்பி வந்துவிட்டேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டோம். அதற்கு அடுத்த வருஷமும் அதையேதான் பேசிக்கொண்டோம். பிரிந்து இருக்க வேண்டும் என்று எங்கள் இருவரில் ஒருவரும் முடிவு செய்ததில்லை. எங்களுக்குள் சண்டையும் இல்லை.

தினமும் சாயங்காலம் வீடியோவில் போன் வரும். அவளுக்கு அது மத்தியானச் சாப்பாட்டு நேரம். "சாப்பிட்டீகளா?" என்பாள். "இனிமேத்தான். நீ?" என்பேன். டூட்டியைப் பற்றி, மகளின் பாடத்தைப் பற்றிக் கொஞ்சம். அதற்கப்புறம் இரண்டு பேரும் மற்றவர் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருப்போம். நேரம் கெட்ட நேரத்தில் அவள் கூப்பிடுவது ஒரே ஒரு காரணத்துக்குத்தான். இந்தப் பக்கம் எங்கேயாவது வெடி விபத்து என்று செய்தியில் வந்திருக்கும். "உங்க பக்கமா? நல்லா இருக்கீகளா?" என்று மூச்சு வாங்கக் கேட்பாள். இல்லை என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள். அந்தப் பேசாத நேரத்தில் அவள் எனக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும். எங்கேயோ யாருடைய வீடோ அழுதுகொண்டிருக்கும்போது இப்படித் தோன்றுகிறதே என்று என்மேலேயே வெறுப்பாகவும் இருக்கும்.

கார்த்திகைக் கொத்தைப் பார்த்த மறுநாள் போனில் சொன்னேன். "ஒரு டெலஸ்கோப் வாங்கலாம்னு இருக்கேன்."

"எதுக்கு?"

"நட்சத்திரம் பாக்க."

அவள் சிரித்தாள். கேலியில்லை, ஆச்சரியம். "கம்பெனியில பாக்குறது பத்தலையா?"

பள்ளி லீவு என்பதால் பக்கத்தில் இருந்த மகள் போனை வாங்கினாள். அவளுடைய தமிழில் இப்போது ஒரு வெளியூர்ச் சுருதி ஏறியிருக்கிறது. "அப்பா, ஃபர்ஸ்ட் டெலஸ்கோப் வாங்காதீங்க. எல்லாரும் ஒரு மாசம் பாத்துட்டுப் பரண்ல போட்ருவாங்க. பைனாகுலர் வாங்குங்க. எங்க சயின்ஸ் மிஸ்ஸும் அதான் சொன்னாங்க." சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரியே நாலைந்து வீடியோக்களை அனுப்பியிருந்தாள். கூட ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நான் எல்லாவற்றையும் பார்த்தேன். அவள் அனுப்பியது என்பதற்காகவே சிலதை இரண்டு முறை பார்த்தேன்.

பைனாகுலரில் இரண்டு எண் எழுதியிருக்கும். ஏழுக்கு ஐம்பது, எட்டுக்கு நாற்பத்திரண்டு, பத்துக்கு ஐம்பது, இருபதுக்கு ஐம்பது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன்னால் இருக்கிற கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். எனக்கு இதைப் புரிந்துகொள்ளச் சிரமமில்லை. எங்கள் பெட்டியிலும் இப்படித்தான், எத்தனை ஷாட், குழாய் எத்தனை இன்ச் என்று எண்ணாகவே பேசுவோம். ஆனால் எங்கள் தொழிலில் பெரிய எண்தான் நல்ல எண். அதனால் இருபதைத்தான் வாங்க வேண்டும் என்று மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

ஸ்டேஷனுக்கு எதிரே போகிற தெருவில் கேமரா விற்கிற ஒரு பழைய கடை. கடைக்காரர் உள்ளேயிருந்து நான் கேட்டதைவிடப் பெரியதாக ஒன்றை எடுத்து வைத்தார். முன்கண்ணாடி செக்கச்செவேல் என்று மாணிக்கக்கல் மாதிரி மின்னியது. மேலே ஒரு நெம்புகோல், அதைத் தள்ளினால் பத்து மடங்கிலிருந்து முப்பது மடங்குவரைக்கும் போகுமாம். வாசலில் நின்று எதிர்க்கடைப் பலகையைப் பார்த்தேன். எழுத்து மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. நின்றது என்று சொல்ல முடியாது, துள்ளிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் இடது கண்ணுக்குள் யாரோ நூல் கட்டி இழுக்கிற மாதிரி வலித்தது.

"எப்படி இருக்கு?" என்றார் கடைக்காரர்.

"பெருசாத்தான் இருக்கு," என்றேன். வேண்டாம் என்று சொல்லவும் தெரியவில்லை.

தன்னுடைய பைனாகுலரைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க வந்திருந்த ஒரு அம்மா அங்கே நின்றுகொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். காலேஜில் விலங்கியல் எடுப்பதாகவும் கண்மாய் கண்மாயாகப் போய்ப் பறவை எண்ணுவதாகவும் அப்புறம் சொன்னார். "எதைப் பாக்கறதுக்கு வாங்குறீங்க?" என்று கேட்டார்.

"நட்சத்திரம்."

"அப்ப அதை வெளிச்சத்துக்கு நேரா, கையை நீட்டித் தள்ளிப் பிடிங்க. கண்ணு வைக்கிற எடத்துல ரெண்டு சின்ன வெளிச்சப் பொட்டு தெரியுதா?"

"தெரியுது."

"வட்டமா இருக்கா?"

உற்றுப் பார்த்தேன். "ஓரத்தை வெட்டுன மாதிரி சதுரமா இருக்கு."

"உள்ள இருக்க பட்டைக் கண்ணாடி மட்டம்னு அர்த்தம். அதுவே பாதி வெளிச்சத்தைத் தின்னுடும். இந்தச் செகப்புப் பூச்சும் வெளிச்சத்தைத் திருப்பித்தான் அனுப்பும். நட்சத்திரத்துக்கு வெளிச்சம்தானே முக்கியம்?"

"டீச்சர், என் யாவாரத்த இங்கனயே முடிச்சு வச்சிருவீக போல," என்று கடைக்காரர் சிரித்தார். கோபப்படவில்லை. அவரே அந்தச் சிவப்புக் கண்ணாடியை உறையில் போட்டு உள்ளே வைத்தார்.

அந்த அம்மா சொன்ன இன்னொரு விஷயம் எந்த வீடியோவிலும் என் மண்டையில் ஏறாதது. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், பின்னால் வெளியே வருகிற வெளிச்சக் கற்றையின் அகலம் கிடைக்கும். ஏழுக்கு ஐம்பதில் அது ஏழு மில்லிமீட்டர். இருட்டில் நம் கண்ணின் பாவை அந்த அளவுக்கு விரிந்தால்தான் அவ்வளவு வெளிச்சமும் உள்ளே போகும். சின்ன வயசில் விரியும். "நம்ம வயசுக்கு அஞ்சு விரிஞ்சாலே பெருசு," என்றார். "மிச்சம் கண்ணுக்கு வெளியில விழுந்து வீணாப் போகும். பத்துக்கு ஐம்பது பாருங்க. அதுக்கு மேல போனா கை நடுங்கும். அதுவே கைக்குப் பாரமாத் தோணுச்சுன்னா எட்டுக்கு நாப்பத்திரண்டு."

பழுது பார்த்து வந்திருந்த தன்னுடையதைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். எனக்கு இரண்டு வட்டமாகத் தெரிந்தது. "ரெண்டு தெரியக் கூடாது, ஒண்ணாத் தெரியணும்," என்று சொல்லி, நான் கண்ணில் வைத்திருக்கும்போதே இரண்டு குழலையும் பிடித்து மெல்ல அகட்டினார். நடுவில் இருக்கிற கீல் மடங்கி, இரண்டு வட்டமும் நகர்ந்து ஒன்றாகிவிட்டன. எதிர் மாடிக் கைப்பிடியில் ஒரு புறா, கழுத்தில் பச்சையும் ஊதாவும் தெளிவாகத் தெரிய உட்கார்ந்திருந்தது. குழலை அகட்டும்போது அவருடைய விரல் என் நெற்றிப்பொட்டில் பட்டது. அவர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார். முடிவெட்டுகிறவரைத் தவிர ஒரு மனுஷருடைய கை என் முகத்தில் பட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தேன். திருமங்கலம் தாண்டும்வரைக்கும் அந்த நினைப்பு விடவில்லை.

அந்தக் கடையில் பத்துக்கு ஐம்பதில் நல்லது இல்லை. கடைக்காரரே வரவழைத்துக் கூரியரில் அனுப்பி வைத்தார். கறுப்பு ரப்பர் போர்த்திய கனமான உருப்படி. கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய பச்சையும் ஊதாவுமாக ஓடியது. வெளிச்சப் பொட்டு இரண்டும் வட்டமாக இருந்தன. முதலில் அதைத்தான் பார்த்தேன்.

வந்த அன்றே சாயங்காலம் மாடிக்குக் கொண்டுபோனேன். கழுத்தில் மாட்டி, நின்றபடியே தூக்கிப் பார்த்தேன். நட்சத்திரமெல்லாம் கொதிக்கிற எண்ணெயில் போட்ட கடுகு மாதிரி தெறித்தது. கையை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அதிகமாகத்தான் துள்ளியது. கீழே போய் மடக்குக் கட்டிலைத் தூக்கி வந்து போட்டு, மல்லாந்து படுத்து, இரண்டு முழங்கைக்கும் தலையணை கொடுத்தேன். அப்போது நின்றது.

கார்த்திகைக் கொத்தில் வெறும் கண்ணால் ஆறு தெரியும். இதில் அந்த ஆறையும் சுற்றி எண்ண முடியாத அளவுக்கு இருந்தது. அதைவிட என்னை அசைத்தது நிறம். எங்கள் தொழிலில் எடுக்கக் கஷ்டமான நிறம் நீலம். சிவப்பு சுலபமாக வரும், மஞ்சள் அதைவிடச் சுலபம். நீலம் கொஞ்சம் சூடு கூடினாலும் வெளுத்துப் போகும், குறைந்தால் எரியாது. எத்தனையோ கலவை பார்த்து, வாங்குகிறவர்கள் நீலம் என்று ஒத்துக்கொள்கிற ஒரு நிறத்தோடு திருப்திப்பட்டுக்கொள்வோம். இங்கே அந்த நீலம், ஒரு சத்தமும் புகையும் இல்லாமல், சும்மா இருந்தது. பக்கத்தில் யாராவது இருந்தால் கையைப் பிடித்து இழுத்துக் காட்டியிருப்பேன். பக்கத்து வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

போனை அந்தக் கண்ணாடியில் ஒட்டி வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். "கறுப்பாத்தான் இருக்கு. ஒண்ணும் தெரியலையே," என்றாள் மனைவி. அப்புறம் நான் வருத்தப்படுவேன் என்று நினைத்தாளோ என்னமோ, "ஓரத்துல ஏதோ புள்ளி மாதிரி தெரியுது," என்றாள். நான் அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். ஓரத்தில் ஒன்றுமில்லை.

மார்கழியில் கம்பெனி திறந்திருந்தது, ஆனால் வேலை மந்தம்தான். ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவேன். வியாழன் கிரகத்தைப் பிடித்தேன். அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வரிசையாக மூன்று நான்கு பொட்டுகள், அதனுடைய நிலாக்கள். ஒரு நாள் ஒரு பக்கம் மூன்று இருக்கும், மறுநாள் இரண்டு மாறிப்போயிருக்கும். அவை எந்தப் பக்கம் போயிருக்கும் என்று பகலில் கம்பெனியில் நிற்கும்போது யோசிக்க ஆரம்பித்தேன். கிறிஸ்மஸுக்கு எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் காகித நட்சத்திரம் கட்டி உள்ளே பல்பு போட்டிருந்தார்கள். நானும் கட்டியிருந்தேன். அந்த வெளிச்சம் மாடியில் கண்ணைக் கூச வைத்ததால் பொழுது சாய்ந்ததும் அணைத்துவிடுவேன். எதிர்வீட்டுக்காரர் கூப்பிட்டுக் கேட்டார்: "என்னண்ணே, உங்க வீட்டு ஸ்டார் மட்டும் எரியல? பியூஸ் போயிருச்சா?" ஆமாம் என்றேன். அவர் மனைவி ஒரு டப்பாவில் கேக்கும் முறுக்கும் கொடுத்துவிட்டார். தனியாக இருக்கிற வீடு இருட்டாகவும் இருந்தால் பார்க்கிறவர்களுக்குப் பொறுக்காது போலிருக்கிறது.

கிறிஸ்மஸுக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. பொங்கல் கழித்து மூன்று வாரத்துக்கு வருவதாகச் சொன்னாள். மகளுக்குப் பரீட்சை, அவள் அங்கே ஒரு சிநேகிதி வீட்டில் இருந்துகொள்வாள். அந்தச் செய்தியைக் கேட்டதும் எனக்கு அவளுக்கும் ஒன்று வாங்க வேண்டும் என்று தோன்றியது. என்னுடையது அவளுக்குச் சரிப்படாது. நோயாளிகளைத் தூக்கித் தூக்கி அவளுக்கு மணிக்கட்டில் வலி உண்டு. கனம் குறைவாக இருக்க வேண்டும். எட்டுக்கு முப்பது சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டு, மதுரைக் கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

"வீட்ல அம்மா கண்ணாடி போடுவாகளா?" என்று கேட்டார். "கண்ணாடி போடுறவகளா இருந்தா, கண்ணைத் தள்ளி வச்சாலும் முழுசாத் தெரியுற மாதிரி பாத்து எடுக்கணும். எல்லாத்துலயும் அப்படித் தெரியாது."

"போட மாட்டா," என்றேன். சொல்லிவிட்டு எதற்கும் கேட்டுவிடலாம் என்று அன்றைக்குச் சாயங்காலம் போனில் கேட்டேன். "நீ கண்ணாடி கிண்ணாடி போடுறது இல்லேல்ல?"

"போடுறேனே. ரெண்டு வருஷமாச்சு."

தினமும் பார்க்கிற முகம். போனுக்குள் எனக்கு எதிரே இருந்தது. கண்ணாடி இல்லை. "நான் பாத்ததே இல்லையே," என்றேன்.

"உங்ககிட்ட பேசுறப்ப கழட்டி வச்சிருவேன். லைட்டு பட்டு வெள்ளையாத் தெரியும், மூஞ்சி தெரியாதுல்ல." மேஜையிலிருந்து எடுத்துப் போட்டுக் காட்டினாள். சட்டம் கறுப்பு, கொஞ்சம் அகலம். அவளை எனக்குத் தெரியாத ஏதோ ஒரு ஆபீசில் பார்க்கிற மாதிரி இருந்தது. "நல்லா இல்லையா?" என்றாள்.

"நல்லா இருக்கு," என்றேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. என் முகம் அவளுக்குத் தெளிவாகத் தெரியாமலேயே இரண்டு வருஷம் பேசியிருக்கிறாள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அவள் முகம் எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்திருக்கிறாள். அதுவும் ஆறவில்லை.

கண்ணாடியோடு பார்க்கிற மாதிரியே ஒன்று எடுத்தேன்.

அவள் வந்தாள். முதல் வாரம் முழுக்கச் சொந்தக்காரர்கள். அடுத்தது அவள் அக்கா வீட்டில் ஒரு கல்யாணம். வீட்டுக்குள் அவள் நடமாட்டம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. டீத்தூள் டப்பா எங்கே என்று கேட்டாள். அவள் வைத்துவிட்டுப் போன இடத்தைவிட்டு நான்தான் மாற்றி வைத்திருந்தேன். காலையில் நான் கிளம்பும்போது, எதைப் போட்டுக்கொண்டு போகிறேன் என்று பார்த்தாள். நைலான் சட்டை உராய்ந்தால் பொறி பறக்கும், பருத்திதான் போட வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். அதைச் சொல்லவில்லை. காலரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

கூட்டமெல்லாம் ஓய்ந்த ஒரு சாயங்காலம், ஊருக்குத் தெற்கே இருக்கிற கண்மாய்க் கரைக்கு வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். தெருவிளக்கு அங்கே எட்டாது. இருட்டும்வரைக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஏழு மணி வாக்கில் கிழக்கே எல்லாம் ஏறி வந்துவிட்டது. உறையோடு புதியதை அவள் மடியில் வைத்தேன்.

"எனக்கா?" என்றாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணில் வைத்துவிட்டு, "ரெண்டு ரெண்டாத் தெரியுதே," என்றாள்.

குழல் இரண்டையும் பிடித்து அவள் முகத்துக்குத் தக்கபடி ஒடுக்கினேன். அவள் கண்கள் நான் நினைத்திருந்ததைவிடக் கிட்டக் கிட்ட இருந்தன. "இப்ப?"

"ஆங். ஒண்ணாயிருச்சு."

வேட்டைக்காரன் மாதிரி நிற்கிற அந்த நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டினேன். நடுவில் மூன்று வரிசையாக நிற்கும், அதற்குக் கீழே தொங்குகிற மூன்றில் நடுவில் இருப்பதைப் பார் என்றேன். எங்கள் வெள்ளை ஷாட் விரிந்த பிறகு கொஞ்ச நேரம் தங்குகிற புகை மாதிரி அங்கே ஒரு மூட்டம் இருக்கும், ஆனால் கலையாது என்று சொன்னேன். அவள் பார்த்தாள். நான் அவள் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நல்லா இருக்கு," என்றாள். கொஞ்சம் பொறுத்து அதைக் கீழே இறக்கினாள். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். "அங்கன நான் வானத்தைப் பாத்த ஞாபகமே இல்ல. போறப்பவும் இருட்டு, வாரப்பவும் இருட்டு. எப்பவும் மேகம்."

தவளை கத்திக்கொண்டிருந்தது.

"ஒண்ணு சொல்லணும்," என்றாள். "அங்க வீடு பாத்திருக்கேன். வாடகைக்கு இல்ல, சொந்தமா. பிள்ளைக்கு இன்னும் அங்கதான படிப்பு இருக்கு. இனிமே அது இங்க வந்து இருக்கும்னு எனக்குத் தோணல." நிறுத்தினாள். "எனக்கும் தோணல."

"சரி," என்றேன்.

"நீங்க வாரீகளா?"

"அங்க எனக்கு என்ன வேலை இருக்கு?"

"வேலைக்கா கூப்பிடுறேன்?"

அவள் குரலில் கோபம் இல்லை. அந்த ஜன்னலும் ஹீட்டரும் மனசில் வந்தன. அதைச் சொன்னால் அவள் அங்கே தனியாகக் கழித்த வருஷங்களுக்கு முன்னால் சின்ன விஷயமாகத் தெரியும். "யோசிக்கேன்," என்றேன். அவள் தலையாட்டினாள். இன்னொரு தடவை பைனாகுலரைத் தூக்கிப் பார்த்தாள். எதைப் பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் என் தோளில் கை வைத்திருந்தாள். வேகத்தடையில் எல்லாம் அந்தக் கை அழுந்தியது. மெதுவாகத்தான் ஓட்டினேன்.

போகும்போது அந்தப் பைனாகுலரை எடுத்துப் போவாளா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. பெட்டியை நிறுத்துப் பார்த்து, கனம் கூடுகிறது என்று ஊறுகாயையும் ஒரு சேலையையும் வெளியே வைத்தாள். பைனாகுலரை வெளியே எடுக்கவில்லை. மதுரை விமான நிலையத்துக்கு உள்ளே போகும்போது கண்ணாடி போட்டிருந்தாள். திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். நான் தெளிவாகத்தான் தெரிந்திருப்பேன்.

மாசி கழிந்து ஒரு நாள் போனில், "இன்னைக்கி அதை எடுத்தேன்," என்றாள்.

"வானம் தெளிஞ்சிருந்துச்சா?"

"எங்க? மேகம்தான். எதுத்த வீட்டுப் புகைக்கூண்டுல ஒரு பறவ வந்து உக்காந்துச்சு. அதப் பாத்தேன்."

"என்ன பறவ?"

"தெரியல. நம்மூர் காக்கா மாதிரியேதான் இருக்கு, பெடனியில சாம்பல் கலரு. ஆனா அம்புட்டுப் பெருசு இல்ல. கண்ணு வெள்ளையா இருக்கு."

"கண்ணு தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. என்னையவே பாத்துச்சு. வாயில ஒரு குச்சி வச்சிருந்துச்சு, அத எங்கன வைக்கன்னு தெரியாம மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டிருந்துச்சு."

அந்தக் குச்சியைப் பற்றி நாங்கள் நிறைய நேரம் பேசினோம். புகைக்கூண்டுக்குள் கூடு கட்டினால் அடுப்பு பற்றவைக்கும்போது என்ன ஆகும் என்று நான் கேட்டேன். அங்கே இப்போதெல்லாம் யாரும் அடுப்பு பற்றவைப்பதில்லை என்றாள். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பேசினாள். விளக்கு வெளிச்சம் பட்டு ஒரு பக்கக் கண் வெள்ளையாக மறைந்திருந்தது. அடுத்த நாள் கேட்டேன், அது வரவில்லை என்றாள்.

இப்போது சீசன். ஆர்டர் குவிகிறது. வருகிற மழைக்கால லீவுக்கு அங்கே வருவதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன். "சரி," என்றாள். எத்தனை நாளைக்கு என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன்.

சித்திரையில் நான் பார்த்துப் பழகியதெல்லாம் மேற்கே இறங்கிப் போய்விட்டது. கொஞ்ச நாள் மாடிக்கே போகாமல் இருந்தேன். அப்புறம் ஒரு நாள், காற்றும் தூசியும் அடங்கிய முன்னிரவில், தெற்கே தாழ்வாக ஏதோ மங்கலாகத் தெரிந்தது. பத்துக்கு ஐம்பதைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிப் பார்த்தேன். வட்டமாக, பஞ்சை உருட்டி வைத்த மாதிரி ஒரு வெளிச்சம். ஒரே இடத்தில் அடைந்து கிடக்கிற லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் என்று படித்தேன். நம் ஊரிலிருந்து நன்றாகத் தெரியும், வடக்கே போகப் போக இறங்கிவிடும், அயர்லாந்தில் அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை என்றும் எழுதியிருந்தது.

அன்றைக்கு டூட்டியில் சாப்பிடக்கூட நேரமில்லை என்று அவளிடமிருந்து செய்தி மட்டும் வந்தது, போன் வரவில்லை. கால் வலிக்கும்வரை நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.